உன் அப்பாவை உன்னிடம் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா இப்படிக் கெடக்கும்போது உனக்குச் சிங்கம் பாக்கணும்னு எப்படிம்மா தோணுது?" குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. போனில் சொல்லி முடிக்கிற அளவுக்கு என் பதில் சின்னது இல்லை, அதனால் எழுதுகிறேன். தோன்றுகிறது. உன் அப்பாவின் முதுகில் பவுடர் போடும்போது தோன்றுகிறது, அவர் துப்பிய கஞ்சியைத் தரையிலிருந்து வழிக்கும்போது தோன்றுகிறது, அவர் தூங்கிய பிறகு இன்னும் அதிகமாகத் தோன்றுகிறது. அடுத்த மாதம் நான் கென்யாவுக்குப் போகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போய்வர இரண்டரை வாரம் ஆகும். அதுவரை உன் அப்பா உன் வீட்டில் இருப்பார். உன்னிடம் அனுமதி கேட்க இதை எழுதவில்லை. உன்னைச் சமாதானப்படுத்தவும் எழுதவில்லை. உன் மனைவி படிக்கலாம், உன் மாமியார் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. இதுவரை மறைத்து வைத்திருந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் விலங்கியல் படித்தவள். நம் வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. மூன்று வருஷம் தவளையையும் கரப்பான்பூச்சியையும் மெழுகுத் தட்டில் குத்திவைத்து அறுத்து, நரம்பைத் தனியாகப் பிரித்துக் காட்டி மார்க் வாங்கினேன். கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்த பிறகு முன்னறையில் பெஞ்சு போட்டுப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். ஆப்பிரிக்க யானையின் காதையும் ஆசிய யானையின் காதையும் வருஷம் தவறாமல் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். என்னிடம் படித்துச் சிலர் டாக்டர் ஆனார்கள். ஆனால் கயிறும் கூண்டும் இல்லாமல், தன் இடத்தில் தன் போக்கில் நடமாடும் ஒரு பெரிய மிருகத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொன்னபோதெல்லாம் அவர், "அடுத்த எல்.டி.சி.ல பாக்கலாம்" என்பார். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கச் செலவில் குடும்பத்தோடு போய்வருகிற பயணம் அது. நம் வீட்டில் ஊர் பார்ப்பது என்றால் அது ஒன்றுதான். அதிலும் ஊரைப் பார்ப்பதைவிட, கிளெய்ம் செய்வதற்கான டிக்கெட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் கசங்காமல் வைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

உனக்கு ஒன்பது வயதில் ஒரு எல்.டி.சி.யில் முதுமலைக்குப் போனோம். நினைவிருக்கும். காட்டுக்குள் போகும் வண்டியில் இரண்டு இடம்தான் மிச்சம். உன் அப்பா யோசிக்கவே இல்லை. "நீ பையைப் பாத்துக்கோ, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்று உன்னைத் தூக்கி ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். நான் ஒரு சிமெண்ட் பெஞ்சில் நான்கு பைகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு குரங்கு வந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. வண்டி திரும்பியதும் நீ ஓடி வந்தாய். "அம்மா, யானை, குட்டியோட, ரோட்டைக் கிராஸ் பண்ணிச்சு. நீ பாத்தியா? நீ பாக்கலையா?" கேட்டுக்கொண்டிருக்கும்போதே உன் முகம் சுருங்க ஆரம்பித்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "இங்கேயும் ஒண்ணு வந்துச்சுடா. நல்லாப் பாத்தேன்" என்றேன். உன் முகம் உடனே தெளிந்துவிட்டது. அதன் பிறகு வழியெல்லாம் நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சொன்ன நல்ல பொய் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பொய்தான். நீ அதை மறக்காமல் வைத்திருந்தாய்.

பொத்தேரியில் படித்து முடித்து, ஓ.எம்.ஆரில் வேலை கிடைத்து, முதல் சம்பளம் வாங்கிய அன்று, "எங்கம்மா போகணும் உனக்கு, காசியா ராமேஸ்வரமா?" என்று கேட்டாய். ஆப்பிரிக்கா என்றேன். நீ சிரித்தாய். பிறகு உனக்கும் சுதாவுக்கும் கல்யாணம் நிச்சயமானபோது அவள்தான், "சூப்பரா இருக்கும் ஆன்ட்டி, நாலு பேரும் போலாம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். "ஏற்பாட்டை எல்லாம் நீயே பாத்துடும்மா, எங்களுக்கு எங்க நேரம்" என்று நீ சொன்னாய். பார்த்தேன். ஒரு வருஷம் பார்த்தேன். என் பங்குக்கும் உன் அப்பாவின் பங்குக்கும் டியூஷன் பணத்தை எடுத்து வைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் காலேஜ் பையன்களுக்கு நடுவே மத்தியான வேளைகளில் உட்கார்ந்து படித்தேன். கடைக்காரர் கல்லாவிலிருந்தே கிண்டல் செய்வார். "இன்னா மேடம், டெய்லி சிங்கமா பாத்துகினு கீறீங்க. வூட்ல சாரு பாவம்."

மழைக்காலம் எப்போது முடியும், எந்த மாதத்தில் புல் காயும், மந்தை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனது. மாட்டுக் கொம்பும் ஆட்டுத் தாடியும் குதிரை வாலுமாக ஒரு மிருகம். வில்டபீஸ்ட் என்பார்கள். லட்சக்கணக்கில் திரண்டு, புல்லைத் தேடி மசாய் மாராவின் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கும். தண்ணீருக்குள் முதலைகள் காத்திருக்கும். எதிர்க்கரையில் புல் இருக்கும். மந்தை மணிக்கணக்கில் நிற்கும். சில நாள் குதிக்காமலே திரும்பிப் போய்விடும். பிறகு ஒன்று, எந்த ஒன்று என்று யாராலும் சொல்ல முடியாது, குதிக்கும். அதன் பின்னால் மொத்த மந்தையும் குதிக்கும். எனக்கு அந்த முதல் ஒன்றைப் பார்க்க வேண்டும். என்றைக்கு நடக்கும் என்று உறுதி இல்லாததால் ஆற்றங்கரைக்கு மட்டும் மூன்று நாள் ஒதுக்கினேன். கிளிமஞ்சாரோவின் பனி மேகம் மூடுவதற்கு முன் விடியலில் மட்டும்தான் தெரியும் என்பதால் அதற்கு இரண்டு விடியல். டிராவல் ஏஜெண்ட், "ஆத்துக்கு ஒரு நாள் போதும் மேடம், மத்த ரெண்டு நாள் ஷாப்பிங் போட்டுக்கலாம்" என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே கடிக்கிற ஒரு ஈ நீலத்தையும் கறுப்பையும் தேடி வரும் என்று படித்து, நான்கு பேருக்கும் காக்கியிலும் சந்தன நிறத்திலும் துணி எடுத்தேன். "கல்யாணப் பட்டுக்குக்கூட நீ இவ்வளவு யோசிச்சதில்லை" என்றார் உன் அப்பா.

பர்மா பஜாரில் பைனாகுலர் வாங்கி, அதைக் கை நடுங்காமல் பிடிக்கப் பழகுவதற்காக வேடந்தாங்கலுக்குப் போனேன். படாளம் கூட்டு ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, அந்தப் பருவம் முழுக்கப் போனேன். மூச்சை விட்டபின் ஒரு நொடி உடம்பு அசையாமல் இருக்கும், அந்த நொடியில் பார்க்க வேண்டும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். உன் அப்பா ஒரே ஒரு தடவை என்னோடு வந்தார். டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டு, "கொக்கு பாக்க இங்க, சிங்கம் பாக்க அங்க, வீட்டுல இருக்கிறவனை எப்பப் பாப்ப?" என்றார். டீக்கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஷூவையும் சொல்ல வேண்டும். புது ஷூவோடு போகக்கூடாது, முன்கூட்டியே போட்டு நடந்து பழக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டும் வரை நான் செருப்பைத் தவிர வேறெதையும் போட்டதில்லை. ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து மாமல்லபுரம் போய், கடற்கரையில் கோயிலுக்குத் தெற்கே மணலில் நடந்தேன். புடவையும் ஷூவுமாக நடப்பவளைப் பார்த்தாலே போதும், அங்கே வேறு சிற்பம் வேண்டாம். பாசிமணி விற்கிற ஒரு அம்மாள் வாராவாரம் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"இன்னாமா இது, பொடவைக்கு பூட்சு? பட்டாளத்துல சேந்துட்டியா?"

"ஆப்பிரிக்கா போறேன். அதுக்குப் பழகறேன்."

"ஆப்ரிக்காவுக்கு நடந்தேவா போற? இன்னா பேஜாரு புடிச்ச வூட்டுக்காரன்மா உனுக்கு, ஒரு பஸ்ஸு வெச்சுக் குடுக்க மாட்டானா?"

குதிகால் இரண்டும் கொப்பளித்து, உடைந்து, மறுபடி கொப்பளித்து, கடைசியில் தோல் தடித்துவிட்டது. ஷூவும் இளகிவிட்டது. அந்தக் கடற்கரையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைகளைப்போல நான் சந்தோஷமாக இருந்தது கொஞ்சம்தான். நீ பிறந்தபோதுகூட அப்படி இருந்தேனா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

உன் அப்பாவின் வேலைக்கு, வெளிநாடு போக அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அது உனக்கும் தெரியும். எழுதிக்கொடுத்துவிட்டேன் என்றார். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார். கேட்கும்போதெல்லாம் மேலே போய்க்கொண்டே இருந்தது. கிளம்புவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் சுதாவும் வந்தீர்கள். நீ உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தாய்.

"அப்பாவுக்குப் பர்மிஷன் வராது போலிருக்கும்மா. ரெண்டு பேருக்குக் கட்டின அட்வான்ஸ் வீணாப் போகுது."

"ரெண்டு பேருக்கு எப்படி? அப்பா ஒருத்தருக்குத்தானே?"

"அப்பா இல்லாம நீ மட்டும் எப்படிம்மா? உன்னாலயே இருக்க முடியாது."

உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எனக்கு யாரு சமைப்பா? மெஸ்ஸுல தின்னா வயிறு எரியும்" என்றார்.

"சுதாவோட அப்பா அம்மா ரெடியா இருக்காங்கம்மா. ஊசிகூடப் போட்டுட்டாங்க. நாம அடுத்த வருஷம் போலாம், நம்ம நாலு பேரும், இதைவிட நல்லா."

நான் எழுந்து காபி போடப் போனேன். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஊசி என்ற சொல் உறைத்தது. மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசி. அதை வாரத்தில் ஒருசில நாள்தான் போடுவார்கள், முன்கூட்டியே போய்ச் சொல்லிவைக்க வேண்டும், நான் விசாரித்து எழுதி வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் முடிவெடுத்திருந்தால் அதற்குள் ஊசி போட்டிருக்க முடியாது. ஆனாலும் நான் காபியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அடுத்த வாரம் உன் மாமியார் வந்தார். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்கத்தான் வந்தார். கெட்டவர் இல்லை. வாசலில் கிடந்த ஷூவில் காலை நுழைத்துப் பார்த்தார். "உங்க காலும் என் காலும் ஒரே சைஸு சம்பந்தி. புதுசுன்னா கடிக்கும். நீங்க போட்டுப் பழக்கி வெச்சிருக்கீங்க, நல்லதாப் போச்சு." நான் அதைத் துடைத்து, மணலைத் தட்டி, சாக்ஸோடு கொடுத்தேன். நீ பக்கத்தில் இருந்தாய். கவரில் போட்டுக் காரின் டிக்கியில் வைத்தது நீதான். பைனாகுலரையும் நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். நான் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் பாக்கெட் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

திரும்பி வந்ததும் நம் வீட்டில்தான் படம் போட்டுக் காட்டினாய். நான் வாழைக்காய் பஜ்ஜி சுட்டேன். உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்ததில் பாதிப் படங்களைத்தான் பார்த்தேன். உன் மாமியார் நல்ல மனதோடு எனக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க வராததே நல்லது சம்பந்தி. சிங்கம்லாம் தூங்கிக்கிட்டே இருக்கு. வண்டலூர்ல இருக்கிறதே பரவால்ல, எழுந்து நாலு அடி நடக்குது." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஆற்றைப் பற்றி. நீ பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாய். "டிரைவர் கூப்பிட்டாரும்மா. வெயில்ல நாலஞ்சு மணி நேரம் உக்காரணுமாம், அதுவும் குதிக்குமா குதிக்காதான்னு தெரியாதாம். அத்தைக்கு முடியல. லாட்ஜுலயே இருந்துட்டோம். ஸ்விம்மிங் பூல் செம." மூன்று நாளுமா என்று கேட்டேன். மூன்று நாளும்தான் என்றாய். என் இடத்தை நீ எடுத்ததைக்கூட நான் ஒருநாள் மறந்திருப்பேன். எடுத்த இடத்தில் நீங்கள் யாரும் உட்காரவே இல்லை என்பதை மறக்க முடியவில்லை.

இனி சொல்வது எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியாது. நீங்கள் அங்கே இருந்தபோது மார்க்கெட்டில் விமலாவைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரரும் உன் அப்பாவும் ஒரே ஆபீஸ் பஸ்ஸில் போகிறவர்கள். நீங்க போகலையா என்றாள். பர்மிஷன் வரவில்லை என்றேன். அவள் கத்திரிக்காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டாள். "இன்னாக்கா சொல்றீங்க? எங்க வூட்டுக்காரர் போன வருஷம் சிங்கப்பூர் போனாரே. எழுதிக் குடுத்தாரு, வந்துடுச்சு. உங்க சாரு எழுதியே குடுக்கலையாமே. பிரமோஷன் இன்டர்வியூ வருது, இந்த நேரத்துல ஃபாரின் போறேன்னு கேட்டா இன்னா நெனைப்பாங்கன்னு பயந்துகினு இருக்காராம். பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும்." நான் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, பேப்பரை மடிக்கவும் இல்லை. "உன் பையனுக்கு அப்பவே தெரியும். விடுப்பா, அம்மாகிட்ட ஃபைல் போயிருக்குன்னே சொல்லு, நான் பாத்துக்கறேன்னு அவன்தான் சொன்னான்" என்றார். அன்று மத்தியானம் முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது என்று ஞாபகம்.

உன் அப்பா பயந்தார். முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பயம் ஒரு நோய். அதை நான் புரிந்துகொள்கிறேன், மன்னிக்கவும் செய்துவிட்டேன். உனக்கு எந்தப் பயமும் இல்லை. உனக்கு வசதி மட்டும்தான். அம்மாவைக் கூட்டிப்போனால் அம்மாவைக் கவனிக்க வேண்டும். மாமியாரைக் கூட்டிப்போனால் வீட்டில் நல்ல பெயர். இதற்குமேல் நீ யோசித்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கடிதத்திலிருந்து உனக்கு அறிவுரை என்று ஏதாவது வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்: இனி நீ எதற்காவது நான்கு பேருக்கு இடம் பிடிக்கும்போது, ஒரு இடம் குறைந்தால் யாருடைய இடத்தை யோசிக்காமல் எடுக்கலாம் என்று உன் மனதுக்கு முதலில் தோன்றுகிறதோ, அந்த ஆளை ஒரு தடவை நிமிர்ந்து பார். சுதாவின் இடம் அப்படி ஆகிக்கொண்டிருக்கிறது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிகிறது.

பிரமோஷன் வந்தது. அடுத்த வருஷம், ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது உன் அப்பா விழுந்தார். செய்த பாவம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிரஷர் மாத்திரையைத் தானாகவே நிறுத்தினார், மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். வலப்பக்கம் போய்விட்டது. பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரிகிறது. அதுதான் கொடுமை. நீ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருகிறாய். அவரால் ஆப்பிளைக் கடிக்க முடியாது என்பதை இன்னும் நீ கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ போனதும் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவருக்குத் துணி மாற்றும் நேரம் வந்தால் உனக்குச் சரியாகப் போன் வந்துவிடும். வாசலில் நின்று, அடிக்காத போனைக் காதில் வைத்துப் பேசுகிறாய். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. எனக்கு மட்டும் இல்லை, கட்டிலிலிருந்து அவருக்கும் தெரிகிறது.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் போகிறேன் என்றதும், "போஸ்ட்போன் பண்ணும்மா, அப்பா கொஞ்சம் சரியாகட்டும்" என்றாய். டாக்டர் சொன்னபோது நீயும்தான் கூட இருந்தாய். இதற்குமேல் சரியாகாது. அப்படியானால் நீ சொன்னதற்கு அர்த்தம் ஒன்றுதான். அவர் செத்த பிறகு போ என்கிறாய். உனக்கு அது மரியாதையான யோசனையாகப் படுகிறது. கேட்கிற நான்கு பேருக்கும் அப்படித்தான் படும். என்னை அது என்ன செய்யும் என்று சொல்கிறேன், கேள். போன மாதம் ஒருநாள் காலையில் உன் அப்பா வழக்கமான நேரத்துக்கு எழவில்லை. கூப்பிட்டேன், அசையவில்லை. கதவருகில் நின்றேன். போர்வை ஏறி இறங்குகிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்க்க எனக்கு ஆறேழு எட்டுதான். நான் போகவில்லை. நின்றபடி, இன்னும் ஜூலை வரவில்லை, மந்தை ஆற்றுக்கு வர நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அழுகைக்கு முன்னால், பயத்துக்கு முன்னால், முதலில் வந்தது அந்த நினைப்புதான். அப்புறம் அவர் இருமினார். நான் போய்த் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தேன்.

அவர் சாவதற்காக நான் காத்திருக்க ஆரம்பித்தால், இந்தக் கைகளாலேயே அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலையும் கதவருகில் நின்று போர்வையைப் பார்ப்பேன். அப்படி ஒருத்தியாக நான் ஆக மாட்டேன். அவர் உயிரோடு இருக்கும்போதே போய்விட்டு வந்தால், அதன் பிறகு அவர் எத்தனை வருஷம் கிடந்தாலும் முகம் சுளிக்காமல் கழுவுவேன். போகாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஊர் பேசும் என்றாய். ஊர் வந்து ஒருநாள்கூட அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததில்லை. பேசட்டும். இந்தத் தடவை ஒரு குழுவோடு போகிறேன். மதுரைக்காரர் ஒருவர், ரிட்டயரான தலைமையாசிரியை, அவரோடு கூடாரத்தில் பங்கு. முகம் தெரியாதவர். ஆற்றங்கரையில் நான்கு நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். எந்த மிருகமும் குதிக்காவிட்டாலும் நான்கு நாளும் அந்த வெயிலில் உட்கார்ந்திருப்பேன்.

பகலுக்கு ஆள் போட்டுக்கொள், இரவுக்குப் போடாதே. இரவு நீ இருக்க வேண்டும். சுதாவிடம் தள்ளாதே, அவர் அவளுடைய அப்பா இல்லை. சாப்பாடு குழைவாக இருக்க வேண்டும், இடப்பக்கக் கன்னத்தில் வைக்க வேண்டும், விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மனிதர் கன்னத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருப்பார். இடக் கையால் தம்ளரை எறிவார். உடனே எடுத்துக் கொடுக்காதே, மறுபடி எறிவார். பிரஷர் மாத்திரையைப் பொடி செய்து நீயே உன் கையால் கொடு. கழுவிவிடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாதே. உன் நெஞ்சு ஏறி இறங்காமல் நிற்பது அவருக்குத் தெரியும். சின்ன வயதில் என்னை அவர் அப்படிக் கழுவினாரா என்று கேட்பாய். இல்லை, ஒருநாளும் இல்லை, நான்தான் கழுவினேன். அதற்காகவே நீ கற்றுக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே பல இடங்களில் போன் எடுக்காது. எடுக்கிற இடத்தில் இருந்தாலும், உன் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னைக் கூப்பிடாதே. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரட்டும் என்று ஐஸ் பெட்டியில் நாள் கணக்கில் வைத்துக் காத்திருந்த வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. எனக்காக அவரை அப்படி வைக்காதே. செய்ய வேண்டியதைச் செய்துவிடு. நான் வந்தபின் சொல்.

இதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். நேற்றுக் காலையில், அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது. எங்கே போகிறேன், எத்தனை நாள், ஏன், உன்னிடம் என்ன எழுதப்போகிறேன் எல்லாவற்றையும் சொன்னேன். விமலா சொன்னதையும், நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டதையும் மறுபடி சொன்னேன். நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி நுரைக்குள் ஓடியது. நான் துண்டால் ஒற்றிவிட்டு அடுத்த கன்னத்துக்குப் போனேன். ஏதாவது ஆனாலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், சம்மதமா என்று கேட்டேன். "சரி" என்றார். அவர் வாயில் இப்போது மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தான். பசிக்கும் அதைத்தான் சொல்கிறார், வலிக்கும் அதைத்தான் சொல்கிறார், வேண்டாம் என்பதற்கும் அதுவேதான். அது எதற்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் நான் சொன்னதை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

கிளம்புகிற நாள் சனிக்கிழமை. அன்று காலையில் அவரை வேனில் வைத்துக் கொண்டுவருகிறேன். நீ கீழே வந்து நில். அவரை நீ தூக்கிக்கொண்டதும் நான் அதே வேனில் ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவேன். மேலே வந்து உட்கார மாட்டேன்.

அம்மா